அஞ்சல் தலையும் கல்வெட்டும்

ஓர் அஞ்சல் தலையின் அகலம் இரண்டு விரற்கடைதான். அச்சிறு தாள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மடலுக்குரிய கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது என்பதற்குச் சான்றாக நிற்பது முதல் வேலை. இன்னாரை, இன்ன நிகழ்வை இந்நாடு நினைவில் வைத்திருக்கிறது என்று அறிவிப்பது இரண்டாவது வேலை. மடல் உரியவர் கையைச் சேர்ந்ததும் முதல் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவது வேலையோ, அம்மடலை எறியாமல் எடுத்து வைத்து, தலையில் உள்ள படத்தை உற்று நோக்குபவரிடமே தொடங்குகிறது.

அஞ்சல் தலை சேகரிப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்வது வழக்கம். அது தவறன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. வரலாற்று நினைவாக வெளியிடப்பட்ட தலைகளைச் சேகரிப்பவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு வரலாற்று நூலைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தலையும் அந்நூலில் ஒரு கூற்று. அக்கூற்று மெய்யா, அது எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, அது சொல்லாமல் விட்டது எது என்று கேட்கும் கடமை தொகுப்பவருக்கு உண்டு. கேளாமல் சேர்த்த தொகுப்பு கண்ணுக்கு அழகாக இருக்கலாம், அறிவுக்கு உணவாகாது.

காவிரிப் படுகையில் பிறந்து வளரும் மாணவர்க்கு இக்கடமை மிகவும் பொருந்தும். அப்படுகையின் கோயிலும் இசையும் நடனமும் கணிதமும் தமிழும் இந்திய அஞ்சல் தலைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றுள்ளன. தம் மண்ணின் வரலாறு நாட்டின் அஞ்சல் தலைகளில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று படித்தறிய அவர்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு பெரிது.

அரசின் கையெழுத்து

உலகின் முதல் அஞ்சல் தலை 1840ஆம் ஆண்டு மே 6 அன்று பிரிட்டனில் வழக்கிற்கு வந்தது. ரோலண்ட் ஹில் முன்மொழிந்த அஞ்சல் சீர்திருத்தத்தின் விளைவாகப் பிறந்த அத்தலையில் விக்டோரியா அரசியின் முகம் இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் 1852ஆம் ஆண்டு சிந்து மாநிலத்தில் அஞ்சல் தலை அறிமுகமானது. 1854ஆம் ஆண்டு இந்தியா முழுமைக்குமான அஞ்சல் தலைகள் வெளிவந்தன. தொலைவு எதுவாயினும் ஒரே கட்டணம் என்னும் முறையும் அப்போது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஊருக்குச் செல்லும் மடலுக்கும் நாட்டின் மறுகோடிக்குச் செல்லும் மடலுக்கும் ஒரே மதிப்புள்ள தலை போதுமானதாயிற்று.

அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தியத் தலைகளில் பிரிட்டிஷ் முடியரசரின் முகமே ஆட்சி செய்தது. 1935ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கென வெளியிடப்பட்ட வரிசையில் இராமேசுவரம் கோயில் இடம்பெற்றது. ஆனால் கோயிலின் அருகிலும் மன்னரின் முகம் இருந்தது. கோயில் யாருடைய ஆட்சிப் பரப்பில் நிற்கிறது என்பதை அத்தலை மறவாமல் சொல்லியது.

விடுதலைக்குப் பின் 1947ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று வெளியான முதல் தலையில் தேசியக் கொடி பறந்தது. 'ஜெய் ஹிந்த்' என்னும் முழக்கம் பொறிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வெளியான பொதுப் பயன்பாட்டு வரிசையில் அஜந்தா ஓவியம், சாஞ்சித் தூபி, தாஜ் மகால், அமிர்தசரசு பொற்கோயில் ஆகியவற்றுடன் நடராசர் திருவுருவமும் இடம்பெற்றது. மன்னரின் முகம் இருந்த இடத்தில் மக்களின் கலைச்செல்வம் வந்தமர்ந்தது. இம்மாற்றத்தை எடுத்துரைக்க நீண்ட கட்டுரை தேவையில்லை. 1935ஆம் ஆண்டின் தலையையும் 1949ஆம் ஆண்டின் தலையையும் ஒரு பக்கத்தில் அருகருகே வைத்தாலே போதும்.

இவ்வாறு அஞ்சல் தலை என்பது அரசின் கையெழுத்து ஆகிறது. கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. எனினும் கையெழுத்து இடப்பட்டதாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

பிழையான ஒரு நூற்றாண்டு விழா

நினைவு அஞ்சல் தலை எவ்வாறு தவறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டு ஊர்களில் கிரிக்கெட் எவ்வாறோ, அவ்வாறே அந்நாட்டு ஊர்களில் பேஸ்பால் என்னும் மட்டைப்பந்து ஆட்டம் வேரூன்றியுள்ளது. 1939ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று, நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், பேஸ்பாலின் நூற்றாண்டைக் கொண்டாடும் மூன்று சென்ட் தலை வெளியிடப்பட்டது. அவ்வாட்டத்தின் புகழ் மண்டபமும் அதே நாளில் அதே ஊரில் திறந்து வைக்கப்பட்டது. ஆப்னர் டபிள்டே என்பவர் 1839ஆம் ஆண்டு அவ்வூரில் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்பதே விழாவுக்கு அடிப்படை.

அந்த அடிப்படை மிக மெல்லியது. பேஸ்பாலின் தோற்றத்தை ஆராய 1905ஆம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆப்னர் கிரேவ்ஸ் என்னும் முதியவர், தம் சிறுவயதில் டபிள்டே அவ்வாட்டத்தை வகுத்ததைக் கண்டதாக மடல் எழுதினார். 1839ஆம் ஆண்டில் கிரேவ்ஸின் வயது ஐந்து. டபிள்டேயோ அவ்வாண்டில் வெஸ்ட் பாயிண்ட் படைப்பள்ளியின் மாணவர். பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் புகழ்பெற்ற அவர், தாம் விட்டுச்சென்ற எழுத்துகளில் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக எங்கும் உரிமை கோரவில்லை. இருந்தும் 1907ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்ற குழுவின் அறிக்கை அம்மடலை ஏற்றது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அஞ்சல் துறை அதற்குத் தலை வெளியிட்டது.

இன்று வரலாற்றறிஞர் எவரும் அக்கதையை ஏற்பதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு நகரின் 1791ஆம் ஆண்டு ஊர் விதி ஒன்று, புதிய மன்றக் கட்டடத்தின் அருகே பேஸ்பால் ஆடலாகாது என்று தடுக்கிறது. டபிள்டே பிறப்பதற்கு முன்பே அவ்வாட்டம் சன்னல்களை உடைக்கும் அளவுக்குப் பரவியிருந்தது என்பதை அவ்விதி காட்டிக்கொடுக்கிறது. 1939ஆம் ஆண்டின் தலையில் டபிள்டேயின் முகம் இல்லை என்பது கருதத்தக்கது. வீடுகள் சூழ்ந்த வெளியில் சிறுவர்கள் ஆடும் காட்சியே அதில் வரையப்பட்டுள்ளது. ஆண்டைப் பொறித்தவர்கள் பிழை செய்தனர்; படத்தை வரைந்தவரோ உண்மைக்கு நெருக்கமாக நின்றார். பேஸ்பால் தனியொருவரின் கண்டுபிடிப்பன்று. தெருவில் ஆடிய சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியது.

அத்தலையைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. கதை பொய்யென்று தெரிந்த பின்பு அதன் வரலாற்று மதிப்பு கூடியே உள்ளது. 1839ஆம் ஆண்டைப் பற்றி அது எதையும் நிறுவுவதில்லை. ஆனால் 1939ஆம் ஆண்டில் ஒரு நாடு தன் ஆட்டத்திற்கு உள்நாட்டுத் தந்தை ஒருவரை எவ்வளவு விரும்பியது என்பதை ஐயமற நிறுவுகிறது. நினைவுத் தலை எந்த ஆண்டைப் போற்றுகிறதோ அதைவிட, எந்த ஆண்டில் வெளியானதோ அதைப் பற்றியே உறுதியாகப் பேசுகிறது. சேகரிப்பவர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது.

தஞ்சையின் ஆயிரம் ஆண்டு

இப்பாடத்தைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம். 2010ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா நடைபெற்றது. செப்டம்பர் 26 அன்று கோயிலின் நினைவாக ஐந்து ரூபாய் மதிப்புள்ள அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. கூப்பர்ஸ்டவுனில் எழுப்பிய கேள்வியை இங்கும் எழுப்புவதே முறை. ஆயிரம் ஆண்டு என்பதற்குச் சான்று யாது?

விடை கோயிலின் சுவரிலேயே உள்ளது. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், இருநூற்று எழுபத்தைந்தாம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் அளித்த செய்தியைக் கல்வெட்டு பதிந்துள்ளது. அது கி.பி. 1010ஆம் ஆண்டுக்குரியது. கொடுத்தவர் பெயர், நாள், பொருள் ஆகியவை அக்காலத்திலேயே, அவ்விடத்திலேயே கல்லில் பொறிக்கப்பட்டன. அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதியவர் நினைவிலிருந்து எழுதிய மடலுக்கும், நிகழ்ந்த காலத்திலேயே வெட்டப்பட்ட கல்வெட்டுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. கூப்பர்ஸ்டவுன் தலை கேள்விப்பட்டதன்மேல் நிற்கிறது. தஞ்சைத் தலை கருங்கல்லின்மேல் நிற்கிறது.

இதை எண்ணித் தஞ்சையார் பெருமிதம் கொள்ளலாம். அப்பெருமிதத்தோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்திருப்பது நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதில் தெளிவு இல்லை. கரிகாலன் நோய் நீங்கப்பெற்று இதைக் கட்டினான் என்று தலபுராணம் கூறியது. வேறு பெயர்களைச் சொல்வோரும் இருந்தனர். சுவர் முழுவதும் எழுத்து இருந்தும் அதைப் படிப்பார் அருகியிருந்தனர். 1886ஆம் ஆண்டு கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ், அவ்வெழுத்துகளைப் படித்து, கட்டியவன் இராசராசனே என்று ஐயத்திற்கு இடமின்றி உலகுக்கு அறிவித்தார்.

அதற்கு முன்பே கோயிலுக்கு ஓர் அஞ்சல் தலை வெளியிடப்பட்டிருந்தால், அதில் எந்தப் பெயர் இடம்பெற்றிருக்கும்? தஞ்சைக்கும் ஒரு டபிள்டே கிடைத்திருப்பார். சான்று கையெட்டும் தொலைவில் இருந்தும், அதைப் படிக்கும் பயிற்சி இல்லாதபோது கதையே வரலாறாகிவிடுகிறது. கல்வெட்டைப் படிக்கக் கற்பதும் அஞ்சல் தலையைப் படிக்கக் கற்பதும் ஒரே பயிற்சியின் இரு படிகள்.

கல்லில் நானூறு பெயர்கள்

தலையின் பரப்பு சிறியது. அதில் ஒரு விமானமே அடங்கும். கல்வெட்டின் பரப்பு பெரியது. பெரிய கோயிலின் சுவரில் அரசனும் அவன் தமக்கையும் அரசியரும் அதிகாரிகளும் அளித்த கொடைகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. அவற்றோடு நின்றுவிடாமல், சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்டுத் தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவரும் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தவர் என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு நூறு கலம் நெல் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பங்காக வகுக்கப்பட்டது. நட்டுவம் செய்வோர், பாடுவோர், கொட்டுவோர், தையற்காரர், நாவிதர், வண்ணார், கணக்கர் ஆகியோரின் பங்குகளும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசு தன் கலைஞர்களையும் ஊழியர்களையும் பெயர் சொல்லிப் பதிவு செய்தது. விமானத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. ஆகவே பெரிய கோயிலின் தலையை ஏட்டில் வைக்கும் மாணவர், அதன்கீழ் அந்நானூறு பெண்டுகளைப் பற்றி நான்கு வரி எழுதாவிட்டால் அப்பக்கம் குறையுடையதே.

அவர் தேடினால் துணையாக வைக்கத்தக்க இன்னொரு தலையும் கிடைக்கும். அதே 2010ஆம் ஆண்டில் தஞ்சாவூர் பாலசரஸ்வதிக்கும், அவருடைய பாட்டியார் வீணை தனம்மாளுக்கும், திருவாவடுதுறை நாகசுரக் கலைஞர் டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்கும் அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டன. பாலசரஸ்வதியின் முன்னோருள் ஒருவரான பாப்பம்மாள் பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சார்ந்த கலைஞர். கோயிலையும் அரசவையையும் சார்ந்து வளர்ந்த ஆடல் மகளிர் மரபு, பின்வந்த காலத்தில் சமூகத்தின் இழிசொல்லுக்கு ஆளானது. அம்மரபில் வந்த ஒருவரின் முகத்தை நாட்டின் அஞ்சல் தலை ஏற்றுப் போற்றியது. விமானத்தின் தலையும் பாலசரஸ்வதியின் தலையும் ஒரே பக்கத்தில் அமையும்போது, கல்வெட்டில் பெயராக நின்றவர்களுக்கு ஒரு முகம் கிடைக்கிறது. இவ்விரு தலைகளையும் இணைத்து வெளியிட வேண்டும் என்று அஞ்சல் துறை எண்ணியிருக்க வேண்டியதில்லை. இணைத்துப் பார்ப்பது சேகரிப்பவரின் வேலை.

அமெரிக்காவிலும் இத்தகைய திருத்தம் நிகழ்ந்தது. நிறவேற்றுமை காரணமாகக் கறுப்பின ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் பெரும் பேஸ்பால் அணிகளில் இடம்பெற இயலவில்லை. தமக்கெனத் தனி அணிகளை அமைத்து ஆடினர். 1947ஆம் ஆண்டு ஜாக்கி ராபின்சன் அத்தடையைத் தகர்த்தார். அவருக்கு 1982ஆம் ஆண்டு அஞ்சல் தலை வெளியானது. அத்தனி அணிகளையே நினைவுகூரும் தலைகள் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தன. தடையை உடைத்தவருக்கு முதலில் இடம் கிடைத்தது. தடையின் நிழலில் ஆடிய அத்தனி அணிகளுக்கான தலைகள் மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே வந்தன.

வரிசையும் வரலாறும்

தலைகள் வெளியான வரிசையும் ஆராயத்தக்கது. கருநாடக இசையின் மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். மூத்தவர் சியாமா சாத்திரிகள், அடுத்தவர் தியாகராசர், இளையவர் முத்துசுவாமி தீட்சிதர். அஞ்சல் தலைகளோ வேறு வரிசையில் வந்தன. திருவையாற்றில் வாழ்ந்து மறைந்த தியாகராசருக்கு 1961ஆம் ஆண்டிலும், தீட்சிதருக்கு 1976ஆம் ஆண்டிலும், சியாமா சாத்திரிகளுக்கு 1985ஆம் ஆண்டிலும் வெளியாயின. மூத்தவர் கடைசியில் வந்தார். வெளியீட்டு ஆண்டைக் கொண்டு ஒருவரின் பெருமையை அளப்பது எவ்வளவு பிழையாகும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கும்பகோணத்தின் கதை இன்னும் நுட்பமானது. கணித மேதை இராமானுசன் அந்நகரின் நகர உயர்நிலைப்பள்ளியில் பயின்றார். 1904ஆம் ஆண்டு அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் கருத்தூன்றாமையால் கல்வி உதவித்தொகையை இழந்தார். அவருக்கு 1962ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று, எழுபத்தைந்தாம் பிறந்தநாளில், பதினைந்து நயா பைசா மதிப்புள்ள தலை வெளியானது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் மீண்டும் தலைகள் வெளியாயின. அதே கல்லூரியில் 1880ஆம் ஆண்டு முதல் 1903ஆம் ஆண்டு வரை தமிழாசிரியராக விளங்கியவர் உ. வே. சாமிநாதர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்ததும் அந்நகரில்தான். அவருக்கு 2006ஆம் ஆண்டு தலை வெளியானது.

ஆசிரியர் சென்னைக்குச் சென்ற மறு ஆண்டு மாணவர் கல்லூரிக்குள் நுழைந்தார். ஒருவரை ஒருவர் வகுப்பறையில் காணாத அவ்விருவரையும் ஏட்டின் ஒரு பக்கம் அருகருகே அமர்த்திவிடுகிறது. சுவடியிலிருந்து தமிழை மீட்டவரும், எண்ணிலிருந்து புதிய உண்மைகளைக் கண்டவரும் ஒரே ஊரின் காற்றைச் சுவாசித்தனர் என்பது அப்பக்கத்தைக் காணும் எவருக்கும் விளங்கும். நாட்டில் அவை தனித்தனித் தலைகள். கும்பகோணத்து மாணவரின் ஏட்டில் அவை ஓர் ஊரின் வரலாறு.

நெல்லுக்குரிய கட்டம்

இத்தனை தலைகளையும் வரிசைப்படுத்திய பின்னும் காவிரிப் படுகையின் அடிப்படைக் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. கோயிலைக் கட்டியதும், நானூறு பெண்டுகளுக்கு ஆளுக்கு நூறு கலம் அளந்ததும், இசைவாணரையும் புலவரையும் புரந்ததும் நெல். அந்நெல்லை விளைவித்த கைகள் எங்கே?

1968ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று இந்திய அஞ்சல் துறை கோதுமைப் புரட்சியைப் போற்றித் தலை வெளியிட்டது. உணவுக்குப் பிற நாடுகளை எதிர்பார்த்திருந்த நாடு நிமிர்ந்து நின்றதன் அடையாளமாக அத்தலை திகழ்கிறது. அதே காலத்தில் தஞ்சை மாவட்டமும் வாளாவிருக்கவில்லை. 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய காலக் குறுவை நெல், படுகையின் வயல்களில் வேகமாகப் பரவியது. கோதுமையின் வெற்றியை மட்டும் அறிந்தவர் அக்காலத்தின் பாதியையே அறிந்தவர்.

விளைச்சல் உயர்ந்த அதே 1968ஆம் ஆண்டில், டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி நெல்லில் சிறு உயர்வு கேட்டுப் போராடிய வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. ஜூலையில் நாடு தானியத்தைக் கொண்டாடியது. டிசம்பரில் தானியம் விளைவித்தவர் எரிந்தனர். இரண்டும் ஒரே ஆண்டின் வரலாறு. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

அஞ்சல் தலை ஏடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இன்னும் கைக்கு வராத தலைக்கு ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து, அதன்கீழ் பெயரையும் ஆண்டையும் குறித்து வைப்பர். இவ்வழக்கத்தை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு செல்லலாம். கோதுமைப் புரட்சித் தலையின் அருகில் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து, 'ஆடுதுறை நெல்' என்று எழுதலாம். அதற்கடுத்த கட்டத்தில் 'கீழ்வெண்மணி, 1968' என்று எழுதலாம். நாற்றங்காலில் குனிந்து நின்ற நடவுப் பெண்ணுக்கும், மடைதிறந்து நீர் பாய்ச்சியவருக்கும் கட்டங்கள் ஒதுக்கலாம். நிரம்பிய கட்டங்கள் நாடு எதை நினைவில் வைத்தது என்பதைக் கூறும். வெற்றுக் கட்டங்கள் சேகரிப்பவர் எதை மறக்க மறுக்கிறார் என்பதைக் கூறும்.

மறுப்பும் விடையும்

அஞ்சல் தலையின் காலமே முடிந்துவிட்டது. கைப்பேசியில் நொடியில் செய்தி செல்லும்போது இச்சேகரிப்பு எதற்கு என்று கேட்போர் உளர். மடல் குறைந்துவிட்டது என்பது மெய். அதனாலேயே பழைய மடல்களின் அருமை கூடுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் வீட்டுக்கு எழுதிய மடல்கள் படுகையின் வீடுகளில் பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கின்றன. வீடு இடிக்கப்படும்போது அவை குப்பைக்குப் போகின்றன. அவற்றைக் காப்பாற்றும் ஆர்வம் ஒரு சேகரிப்பாளருக்கே எளிதில் வரும். அத்தகைய உறையிலிருந்து தலையைப் பிரித்தெடுக்காமல் உறையோடு வைப்பது நன்று. முத்திரையில் உள்ள ஊரும் நாளும், எழுதியவர் முகவரியும், வந்து சேர்ந்த ஊரின் முத்திரையும் ஒருங்கே இருந்தால்தான் அது சான்று. தனித்த தலை வெறும் படம்.

இது செல்வர்க்குரிய கலை என்பார் வேறு சிலர். அரிய தலைகள் ஏலத்தில் பெருந்தொகைக்கு விலைபோவதால் எழுந்த எண்ணம் இது. விலையை நோக்கிச் சேர்ப்பது வணிகம். பொருளை நோக்கிச் சேர்ப்பதே கல்வி. தஞ்சைத் தலையின் முகமதிப்பு ஐந்து ரூபாய்தான். பள்ளிப் பருவத்திலேயே இவ்வார்வத்தை வளர்க்க, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயில்வோருக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' திட்டத்தை அஞ்சல் துறை 2017ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறது. மேல்நிலை மாணவர் தம் தம்பி தங்கையரை அதற்கு ஆயத்தப்படுத்தலாம்.

எல்லோருக்கும் அரசு தலை வெளியிட இயலுமா என்பது மூன்றாவது கேள்வி. இயலாது. தேர்வு என்று வந்தால் விடுபடலும் வரும். ஆனால் தேர்வின் கதவு மக்களுக்கு மூடப்பட்டதன்று. நினைவுத் தலைகளுக்கான முன்மொழிவுகளைப் பொதுமக்களும் அனுப்பலாம். அவற்றை ஆராய்ந்து பரிந்துரைக்க ஓர் அறிவுரைக் குழு உள்ளது. வாழும் காலத்தில் ஒருவருக்குத் தலை வெளியிடுவது அரிது என்னும் மரபும் உண்டு. பெண்கல்விக்குப் பாடுபட்ட கார்வேக்கு 1958ஆம் ஆண்டு, அவருடைய நூறாம் வயதில் வெளியான தலை அத்தகைய அரிய விலக்கு. மரபுகளை அறிந்து, சான்றுகளைத் திரட்டி, காரணங்களை வரிசைப்படுத்தி ஒரு வகுப்பு மாணவர்கள் கூடி ஒரு முன்மொழிவை எழுதினால், அது ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும், தம் ஊரின் வரலாற்றை அவர்கள் தாமே ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களாவர்.

கூப்பர்ஸ்டவுனில் யாரும் கேளாத கேள்வி பிழையான ஒரு நூற்றாண்டு விழாவாக முடிந்தது. தஞ்சையில் ஒருவர் சுவரைப் படித்ததால் மறைந்திருந்த பெயர் மீண்டது. காவிரிப் படுகையின் மாணவர் கையில் இன்று அஞ்சல் தலையும் உண்டு. ஊர்க்கோயிலின் சுவரில் கல்வெட்டும் உண்டு. வயலில் உழைத்த முதியோரின் வாய்மொழியும் உண்டு. இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் வேண்டும். தலையில் இருப்பவரைப் போற்றுவதோடு, தலையில் இல்லாதவரைத் தேடுவதும் சேகரிப்பின் பகுதியே. அத்தேடலுக்கு முதலில் வேண்டியது ஓர் ஏடும், அதில் வரையப்பட்ட சில வெற்றுக் கட்டங்களும்.